செசீலியா உறை ஊற்றிய பால்

கதிர்வீச்சு தொடங்கி நாலாவது வாரம் என் வாய்க்குள் புண்ணில்லாத இடமே இல்லை. தொண்டையில் வந்த புற்றுநோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேச முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் சமைக்கும் லுசேர்ண் ஹோட்டல் குசினியில் ஸ்ரான்லியின் வாய்க்கு லீவே கிடையாது என்று என்னைச் சொல்வார்கள். இப்போது தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும், கதிர்வீச்சையும் இடையில் நிறுத்த நேரும் என்று டொக்டர் எலேனா சொன்னார்.

ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்ததும் அவர்தான். பாக்கெட்டில் ஒரு பொடி. தண்ணீரில் கரைத்துக் கொப்பளித்து விழுங்க வேண்டும். பொடிக்குள் உறங்குவது பாலைத் தயிராக்கும் கிருமியேதான். அதற்குள் மனித மரபணு ஒன்றை வைத்திருக்கிறார்களாம். வாய்க்குள் போனதும் அது புண்ணை ஆற்றும் புரதத்தைச் சுரக்குமாம். சிலருக்கு வெறும் பொடிதான் கிடைக்கும், யாருக்கு எது என்று தனக்கும் தெரியாது என்றார்.

என் மனைவி செசீலியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் காதில் ஏறியது தயிர் மட்டும்தான். கதிர்வீச்சோடு பொடியும் நின்றுவிடும். அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்பது அவள் கவலை. நான் குடித்து முடித்த பாக்கெட்டுகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, இளஞ்சூட்டுப் பாலில் கலந்து, துவாயால் போர்த்தி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறும் பாக்கெட்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையைக் காலை ஆட்டித் தடுத்துப் பார்த்தேன். வாய் திறக்க முடியாத மனுசனை யார் மதிப்பது?

மறுநாள் பால் பாலாகவே இருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்தும் உறையவில்லை. அவள் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தந்தது வெறும் பொடி. உயிருள்ளதெண்டால் உறைஞ்சிருக்கும்."

இனிக் குழாய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் பால் போத்தலை எலேனாவின் மேசையில் வைத்து, தனக்குத் தெரிந்த ஜேர்மனில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆராய்ச்சியிலிருந்து எங்களைத் தூக்கிவிடுவார்கள் என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலேனா முகத்தைச் சுளித்தார். இதைத் தான் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும், இனிப் பாக்கெட்டைச் சுரண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, உண்மையான மருந்தாக இருந்தாலும் அந்தப் பால் உறைந்திராது என்றார். வெளியில் பெருகிவிடக் கூடாதென்று கிருமியின் மரபணு ஒன்றை எடுத்துவிட்டார்களாம். அது பிழைக்கத் தேவையான சத்து பாலில் போதாது. வாய்க்குள் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுச் செத்துப்போகும்.

செசீலியா என் பக்கம் திரும்பினாள். "பாவமப்பா அது. பெருகவும் விடாமல் எங்களுக்கெண்டு வேலை வாங்குகினம்."

அன்றிலிருந்து நான் கொப்பளிக்கும் முன் அவள் சிலுவை அடையாளம் போட்டாள். எனக்காக என்று நினைத்தேன். கிருமிக்காகவாம்.

புண் அதற்கு மேல் கூடவில்லை. குழாய் இல்லாமலே கதிர்வீச்சு முடிந்தது. எனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் பொடியா என்று இன்றுவரை தெரியாது. ஒரு காலை அவள் ஊட்டிய கஞ்சி எரியாமல் இறங்கியது. எலேனா, முகம் தெரியாத ஆராய்ச்சிக்காரர்கள், எனக்குள் வந்தனவோ இல்லையோ அந்தக் கிருமிகள், கரண்டியோடு முன்னால் இருந்த இவள், எல்லோரையும் நினைக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். குரல் வந்தது.

"நன்றி, செசீலியா."

முப்பது வருடக் குடும்பத்தில் எங்களுக்குள் அந்தச் சொல் புழங்கியதே இல்லை. அவள் கோப்பையை வைத்துவிட்டு அவசரமாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, காய்ச்சல் காயுதோ?"