உடனே சொல்லிவிடும் தரகர்

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். கீழ்வரிசையில் சில நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பணயம் வைத்துத்தான் பேசுகிறேன்.

மனைவி காலமான பிறகு வீட்டின் அறைகளும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். "வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா" என்றாள் மகள். எங்கே வந்து இருப்பது என்று நான் கேட்பதற்குள், "வெச்சிடறேன்ப்பா, குக்கர் கத்துது" என்றாள். அந்தக் குக்கர் என் குரலைக் கேட்டால்தான் கத்தும்.

ஒரு தரகரைப் பிடித்தேன். மடிப்புக் கலையாத சட்டை, சிரிக்காத முகம். வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை மாட்டிய கையோடு சொல்லிவிட்டார்.

"ஐயா, யார் என்ன விலை கேட்டாலும் உடனே உங்க காதுல போட்டுடுவேன். கம்மியா கேட்டாலும் சொல்வேன், கிறுக்குத்தனமா கேட்டாலும் சொல்வேன். வேணும் வேணாங்கறது உங்க இஷ்டம். நான் வடிகட்ட மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். கேட்டவர் திறந்த வாயை மூடுவதற்குள் எனக்குப் போன் வந்துவிடும். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் படுத்துக்கொண்டே அழைத்தார். "ஆ, ஊ" என்றுதான் கேட்டது. மருத்துவர் போனை வாங்கி விலையைச் சொன்னார். தன் கல்யாணத்தன்று மேடையிலிருந்தே அழைத்தார். நான் மறுத்ததும், "ஏங்க, அவரு என்னதான் எதிர்பாக்குறாரு?" என்று மணப்பெண் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

ஒருநாள் வாசலில் நின்றபடி போன் செய்தார். நான் ஜன்னலோரம் இருந்தேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டேதான் பேசினோம். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"ஐயா, இன்னிக்கு ஆள் யாரும் வரலை. ஒரு நாய் வந்துச்சு. ரொம்ப நேரம் வீட்டையே பார்த்துச்சு."

"என்ன விலைக்குக் கேட்டுச்சு?"

"வாயைத் திறக்கலை. ஆனா மனசில்லாமதான் போச்சு. சொல்லணும்ல, அதான்."

"கொஞ்சம் ஏத்திக் கேக்கச் சொல்லுங்க தம்பி."

"சரிங்கய்யா" என்று நாய் போன திசையில் விறுவிறுவென்று நடந்தார்.

வந்த விலைகளையெல்லாம் தட்டிக்கழித்தேன். ஒருவரின் விலை குறைவு, இன்னொருவரின் விலை ரொம்ப அதிகம், சந்தேகமாக இருக்கிறது என்றேன். காலையில் எழுந்ததும் சட்டை மாட்டி, தலை வாரி, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். போனில் பேசச் சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். நாள் முழுக்க என்னைக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

பிறகு ஓர் இளம் ஜோடி வந்தது.

"முழு விலைங்கய்யா. பேரமே பேசலை."

"யோசிச்சுச் சொல்றேன்."

"தாராளமா. ஆனா அவங்க பெட்டியெல்லாம் கட்டிவெச்சு அது மேலயே உக்காந்திருக்காங்க. ஆமாவோ இல்லையோ, பதில் சொல்லாம ஒருத்தரைக் காக்க வைக்கறது என் தொழிலுக்கு அழகில்லை."

"வித்தப்புறமும் போன் பண்ணுவீங்களா தம்பி?"

எதற்கும் உடனே பதில் சொல்லும் மனிதர் அன்றைக்குத்தான் தாமதித்தார். அந்தப் பக்கம் ஒரு பஸ் போனது. பின்னால் இன்னொன்றும் போனது.

"என்னன்னு பண்றது ஐயா? சொல்றதுக்கு விலை இருக்காதே."

"விக்கலைன்னா?"

"உங்களுக்கு விக்கற எண்ணம் இல்லைன்னு தெரிஞ்சா பலகையைக் கழட்டிடுவேன். தெரிஞ்சே ஆளுங்களை அலைய விடக்கூடாது."

விற்றாலும் போன் நிற்கும், விற்காவிட்டாலும் நிற்கும். மூன்றாவதாக ஒரு வழி தேடினேன்.

"அப்போ அவங்ககிட்ட இப்படிச் சொல்லுங்க. வீட்டைத் தர்றேன். கூட நானும் இருப்பேன். பின்னறையில ஒரு அலமாரி மாதிரி ஓரமா நின்னுக்குவேன். தொந்தரவு கிடையாது."

"வடிகட்டாம சொல்லிடறேன்" என்றார்.

போனைக் கீழே வைத்தேன். கை எடுப்பதற்குள் மணி அடித்தது.

"ஐயா, அலமாரி வேணாமாம். அவங்ககிட்டயே ஒண்ணு இருக்காம்."

அவர் குரலில் சிரிப்பு இல்லை. எனக்கும் வரவில்லை.

"பெட்டி மேலயா உக்காந்திருக்காங்க?"

"ஆமாங்கய்யா."

"முதுகு வலிக்கும். கொடுத்துடுங்க."

"உடனே சொல்லிடறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவில்லை. நல்ல தொழில்காரர், காரணம் இல்லாமல் எப்படி அழைப்பார்? ஜோடி குடிவந்துவிட்டது. மாலையில் விளக்குப் போடுகிறார்கள், இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். இப்போதும் நான் காலையில் சட்டை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

அந்தப் பலகை தொங்கியது எதிர்வீட்டு வாசலில். விற்க எனக்கு வீடே கிடையாது, நான் இங்கே எப்போதும் வாடகைக்குத்தான் இருக்கிறேன்.