எதிர்வீட்டுத் தவளையின் ரிசல்ட்

மாமியாருக்கு நகை இருக்கலாம், நிலபுலன் இருக்கலாம், ரத்தக்கொதிப்புகூட இருக்கலாம். இந்த மருமகளுக்கு வாய்த்த மாமியாருக்கு ஒரு தவளை இருந்தது. மலையுச்சிக் காட்டில், மூடுபனிக்குள், மரக்கிளையில் வாழும் பொன்னிறத் தவளை. விலங்கியல் பேராசிரியராக இருந்த மாமனார் வாலிப வயதில் அதைக் கண்டுபிடித்து, லத்தீன் வால் ஒன்றை ஒட்டி, மனைவியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். அன்று முதல் அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடத்தில் மாட்டியிருக்கும் தவளைப் படத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டில் இன்னொரு பேராசிரியர் இருந்தார். அதே கல்லூரி, அதே துறை, ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. மாமனார் பெயர் வைத்த மறுவருஷமே அவரும் தன் மனைவியின் பெயரை ஒரு மரத்தவளைக்கு வைத்தார். எந்தத் தவளைக்கு? ஊரில் எல்லார் வீட்டுக் குளியலறையிலும் வாளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சாம்பல் நிறத் தவளைக்கு. அதுவரை அதை வேறு நாட்டுத் தவளை ஒன்றின் பெயரால் எல்லாரும் தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை, இது தனி இனம் என்று நிரூபித்தவர் அவர்தான். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் மாமியாருக்கு வாயில் அவல் போட்ட மாதிரி ஆயிற்று.

"என்னோடது மலை உச்சியில இருக்கு. அவளோடது கக்கூஸ்ல இருக்கு" என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லியும் அவளுக்கு வாய் வலிக்கவில்லை. நேரில் பார்த்தால் மட்டும் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று தேன் ஒழுகும். சொந்தக் குளியலறையில் அந்தத் தவளையைக் கண்டுவிட்டாலோ, எதிர்வீட்டம்மாவின் பெயரைச் சொல்லித் திட்டி, ஒரு குவளைத் தண்ணீரை அதன் தலையில் கொட்டித் துரத்திவிட்டுத்தான் குளிப்பாள்.

மருமகளுக்கு வேலை ஆய்வுக்கூடத்தில். மரத்தவளைகளில் எது எதற்குச் சொந்தம், எது எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. வாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அதில் ஒட்டியிருப்பதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்து, எல்லாத் தவளைகளுடையதையும் அடுக்கி ஒப்பிட்டால் கணினி ஒரு வம்ச மரம் வரைந்து கொடுக்கும். யார் அக்கா, யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்பதெல்லாம் அதில் வெட்டவெளிச்சமாகிவிடும். மலைக்கு அட்டைக்கடியோடு போய்ப் பொன்னிறத் தவளைகளின் வாயில் குச்சி விட்டு, ஒன்றைக் கையோடு கொண்டும் வந்தாள். ஊர்த்தவளைக்கு ஏன் அலைய வேண்டும் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர்வீட்டம்மா தனியாக இருந்தாள். அந்தப் பேராசிரியர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குளியலறைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு சாம்பல் தவளை சட்டமாக உட்கார்ந்திருந்தது. அந்தம்மா அதைப் பூப்போல எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வாயத் திற. டாக்டர் பார்க்கணும்ல" என்றாள். அதுவும் திறந்தது. இத்தனை வருஷ வேலையில் எந்தத் தவளையும் மருமகளிடம் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை.

"இதோட நல்லாப் பொழுது போகும்மா. நான் பேசுவேன், அது கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். அவரும் அப்படித்தான்" என்றாள் எதிர்வீட்டம்மா. "நகை நட்டுன்னு அவர் ஒண்ணும் வாங்கித் தந்ததில்ல. என் பேரை இதுக்கு வச்சுட்டுப் போனாரு. காலையில இது முகத்துலதான் முழிக்கறேன். ரிசல்ட் எப்ப வரும்? பயப்படற மாதிரி ஒண்ணும் இருக்காதுல்ல?"

"சேச்சே, ஒண்ணும் இருக்காதும்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள் மருமகள். யார் கேட்டார்கள் அந்த வாக்கை! அதற்குப் பிறகு தெருவில், கடையில், எங்கே பார்த்தாலும் "ரிசல்ட் வந்துடுச்சா?" என்று எதிர்வீட்டம்மா கவலையோடு கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் மருமகளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரு கடைக்காரர் நல்ல டாக்டர் ஒருவரின் விலாசம்கூடக் கொடுத்தார்.

ரிசல்ட் வந்தது. கணினி வரைந்த மரத்தை மருமகள் இரண்டு தடவை பார்த்தாள். மற்ற மரத்தவளைகள் ஒழுங்காகத் தத்தம் கிளையில் இருந்தன. மலைத்தவளையும் குளியலறைத் தவளையும் மட்டும் ஒரே கிளை நுனியில் கலந்துகட்டி உட்கார்ந்திருந்தன. அக்கா தங்கைகூட இல்லை, இரண்டும் ஒரே இனம். எதிர்வீட்டுக் கண்ணாடிமேல் இருந்த தவளைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம், மலையுச்சியில் மூடுபனிக்குள் இருந்த ஒரு பொன்னிறத் தவளை.

குழாய்களை மாற்றி வைத்துவிட்டோமோ என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். அதே மரம். வேறொரு மரபணுவை எடுத்துப் படித்தாள். அதே மரம். மலையிலிருந்து கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பொன்னிறத் தவளை வேறு, கதகதப்பு கண்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மலைத்தவளையின் குரலே தனி என்று மாமனார் அந்தக் காலத்தில் எழுதியிருந்தார். அந்தக் குளிரில் கிடந்தால் யாருக்குத்தான் குரல் கம்மாது?

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் ஆகாது. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பிந்தியது செல்லாது. அதுதான் விதி. பிந்தியது எதிர்வீட்டம்மாவின் பெயர். பயப்படாதே என்று சொன்ன வாயாலேயே போய், உன் தவளை இனி உன்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவனிடம் புலம்பினாள். "எங்கம்மா தவளை விஷயத்துல மட்டும் என்னை இழுக்காத" என்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். பகலில்தான். அவ்வளவு தைரியசாலி.

சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்தபடியே, விஷயத்தை உடைத்தாள்.

மாமனார் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. "ஒரு வருஷம் முந்தி நான். அவன் பேரு அவுட்டு."

மாமியாரின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. "அப்ப நம்ம பாத்ரூம்ல இருக்கறது?"

"நீதான்" என்றார் மாமனார் சந்தோஷமாக.

"பக்கத்து வீட்ல?"

"அங்கயும் நீதான்."

"பஸ் ஸ்டாண்டுல..." மாமியாரால் முடிக்க முடியவில்லை. மாமனார் பதில் சொல்ல வாயெடுத்தார். மருமகள் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றாள் மாமியார் கடைசியில்.

"இல்ல அத்தை. எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்று ஆரம்பித்து, கண்ணாடியையும் உள்ளங்கையையும் காலையில் முழிக்கிற முகத்தையும் மருமகள் ஒன்று விடாமல் சொன்னாள். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்த வீட்டில் இது வழக்கமில்லை.

"இதுக்கு வேற வழியே இல்லையா?"

"இல்ல" என்றார் மாமனார், அவசரமாக.

"இருக்கு அத்தை" என்றாள் மருமகள். "புதுப் பேரைத்தான் ரொம்ப காலமா உலகமே புழங்குது, பழைய பேரை மாமாவைத் தவிர யாரும் தொடலைன்னா, புதுசையே வச்சுக்க விடுங்கன்னு விலங்குப் பேர்களை முடிவு பண்ற ஆணையத்துக்கு விண்ணப்பம் போடலாம். பழைய பேரு வச்சவரே கேட்டா இன்னும் பலம்."

"எழுதுங்க" என்றாள் மாமியார், கணவரைப் பார்த்து.

"யாரு, நானா? அவனுக்கு நான் வக்கீலா? செத்தும் என் உயிரை வாங்கறானே."

"ஊர்ல இருக்கற கக்கூஸ்ல எல்லாம் என் பேரு உக்காந்திருக்கணுமா? எழுதுங்கன்னா எழுதுங்க."

மாமனார் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "உனக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதான்."

மாமியார் அவர் தட்டை இழுத்து வைத்து, சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் போட்டாள். "எனக்குத்தான் முழு ஆளா நீங்களே வீட்டுல கெடக்கறீங்களே. அவளுக்குத் தவளை மட்டுந்தானே இருக்கு."

மருமகளுக்கு, இத்தனை வருஷமாக இந்த அம்மாளோடு மல்லுக்கட்டியிருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. மாமனார் சாப்பிட்டு முடித்தார், கைகழுவினார், பேனாவைத் தேடினார்.

அன்று சாயங்காலமே மாமியாரும் மருமகளும் தெருவைத் தாண்டினார்கள். கூடத்துப் படத்தையும் கொடுத்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். "அதெல்லாம் முடியாது. படம் என்னோடது" என்றுவிட்டாள் மாமியார்.

அவர்கள் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே எதிர்வீட்டம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரிசல்ட்டா?"

"ஒரு கோளாறும் இல்ல, நல்லா இருக்கு" என்றாள் மாமியார். "என்னோடதும் உங்களோடதும் ஒரே தவளையாம். ஒரு பேருதான் இருக்கணுமாம். உங்க பேரே இருக்கட்டும்னு எங்க வீட்டுக்காரர் எழுதிக்கிட்டிருக்காரு. மலையில இருக்கறதும் இனிமே உங்களுதுதான், எடுத்துக்கோங்க."

"ஐயோ, அப்ப உங்களுக்கு?"

"எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது."

எதிர்வீட்டம்மா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். உள்ளே மெதுவாகப் பேசும் குரல் கேட்டது. மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆணையத்தின் முடிவு வர வருஷங்கள் ஆகும். அதுவரை புழக்கத்தில் இருக்கும் பெயரே நடக்கலாம் என்பதும் விதிதான். மறுநாள் காலையில் மாமியார் குளிக்கப் போனாள். வாளிக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். வழக்கமான வசவுக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கும் மருமகள் வெளியே காத்திருந்தாள். இரண்டுமே வரவில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று மாமியார் மரியாதையாகச் சொல்வது கேட்டது.