மருந்துக்கடைக்காரர் பாருக்குப் போனார்

இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவர். கடை உரிமையாளர் கடையை மூடப்போகிறோம் என்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று தெரு தள்ளியிருந்த பாரில் அவர் மச்சினிதான் தலைமை பார்டெண்டர்.

"ஆள் தேவைப்படுது, வாங்க மாமா."

"நான் ஒரு வாய் குடிச்சதில்லையேம்மா."

"நீங்க வித்த மாத்திரையெல்லாம் முழுங்கிப் பார்த்தா வித்தீங்க?"

முதல் வாரம் கிளாஸ் கழுவினார். அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் நறுக்கினார். மூன்றாவது வாரம், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்து, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, அளவுக் கிண்ணம் இல்லாமல் ஊற்றப் பழகினார். மருந்து கலந்த கை, ஒரு சொட்டு பிசகவில்லை. பிசகியது வாய்தான். ஒத்திகைக்காக உட்கார்ந்திருந்த சமையல்காரரிடம் கிளாஸை நீட்டி, "சாப்பிட்டுட்டுக் குடிங்க. வேற மாத்திரை ஏதும் எடுக்கறீங்களா?" என்றார்.

மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு முதலாளி முன்னாடி பரீட்சை மாமா. மூணு மணி நேரம். என்ன வேணும்னு கேட்கறதோட நிறுத்திக்குங்க. இல்லேன்னா உங்களுக்கு வேலையும் இல்ல, எனக்கு இங்க மரியாதையும் இல்ல."

மறுநாள் மதியம். முதலாளி மூலை மேஜையில் உட்கார்ந்தார். முதலில் தையல்காரர் வந்தார்.

"என்ன வேணும்?"

நிமிர்ந்து பார்த்த தையல்காரருக்கு முகம் வெளுத்தது. "நீங்களா? ஒரு... எலுமிச்சை சோடா. சர்க்கரை போடாதீங்க, உங்களுக்குத் தெரியாததா."

அடுத்து ரிட்டயரான கணக்கு வாத்தியார். "ஒரு லார்ஜ் விஸ்..." என்றவர் பாதியில் விழுங்கினார். "வெறும் தண்ணி போதும் சார். பிரஷர் மாத்திரையை ரெண்டு நாளா மறந்துட்டேன். இதோ வீட்டுக்குத்தான் போறேன்."

பஸ் டிரைவர் வாசலோடு திரும்பிவிட்டார். கொஞ்சம் சிரித்தால் சரியாகும் என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தும் பார்த்தார். எதிரே இருந்தவர் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

முதலாளி வந்து நின்றார். "மூணு மணி நேரமா சோடாதான் ஓடுது. இது பாரா, ஆஸ்பத்திரி வாசலா?"

"நான் வாயே திறக்கலை சார்."

"வாய் எதுக்கு? மூஞ்சியே டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு."

மருந்துக்கடையில் இத்தனை வருடம் கத்திச் சொன்னபோது ஒருத்தர் கேட்டதில்லை. பிழைப்பு தேடி வந்த இடத்தில் சொல்லாமலே ஊர் திருந்துகிறது. தன் ராசியை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

மச்சினி விடவில்லை. ஆறு கிளாஸை வரிசையாக வைத்தாள். "ஊத்துங்க மாமா."

ஊற்றினார். முதலாளி ஒவ்வொன்றாக அளவுக் கிண்ணத்தில் கவிழ்த்துப் பார்த்தார். ஆறும் கோட்டில் நின்றன. அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"கை தங்கம். மூஞ்சிதான் இந்த ஏரியாவுக்கு ஆகாது. ரயில் நிலையத்துப் பக்கம் நம்ம இன்னொரு பார் இருக்கு, வர்றவன் எல்லாம் வெளியூர்க்காரன். திங்கட்கிழமை அங்க வந்துருங்க."

வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டார்.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. என் மூஞ்சியைத் தெரியாத இடத்துல."

"எங்கப்பாவும் உங்க மூஞ்சியைத் தெரியாமத்தான் பொண்ணு குடுத்தாரு. சரி, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"