சூப்பில் கரைத்தது

பாட்டிலில் வரும் அந்தக் கறுப்பு ஈஸ்ட் பசை, ரொட்டியில் தடவிக்கொள்ளும் சீமைச் சரக்கு, அதன் விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. ரொட்டியில் அப்பித் தின்னும் மகன் ஒரு கட்சி. "தாரை எடுத்துத் தடவுன மாதிரி இருக்கு" என்று மூக்கைப் பொத்தும் அம்மாவும் அப்பாவும் மறு கட்சி. மருமகள் எதிலும் சேராதவள். அவளுக்கு அதைத் தின்னப் பிடிக்காது, சமையலில் சேர்க்கப் பிடிக்கும். காளான் வதக்கும்போது துளி கரைத்துவிட்டால் போதும், பாதி நாள் அடுப்பில் கிடந்த ருசி வந்துவிடும்.

மாமாவுக்கு, அதாவது அவள் மாமனாருக்கு, இதயம் பலவீனமானதும், உப்பே கூடாது என்றார் டாக்டர். மாமியார் அத்தை அன்றைக்கே உப்பு டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள். மாமாதான் மசியவில்லை. சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "பாத்திரம் கழுவுன தண்ணியாம்மா இது?" என்பார். கிண்ணம் அப்படியே திரும்பி வரும். ஆள் பாதியாகிவிட்டார்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. பருப்பு சூப்பில் கால் ஸ்பூன் பசையைக் கரைத்தாள். அதில் எவ்வளவு உப்பு என்று பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் படித்திருக்கலாம். போடவில்லை. நான் உப்பு டப்பாவைத் தொடக்கூட இல்லையே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

மாமா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். "உன் கைப்பக்குவமே தனிம்மா" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டு ஏற ஏற ஸ்பூனும் ஏறியது.

ஒரு நாள் மாமாவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "யாரோ இவருக்கு உப்பு குடுக்கறீங்க" என்றார் டாக்டர்.

மகன் நேராக அம்மா பக்கம் திரும்பினான். "நீதானேம்மா? அவர் முகம் வாடினா உனக்குத் தாங்காதே."

அத்தை மறுக்கவில்லை. "உப்புக் கரிக்கிற சீஸ், ஒரே ஒரு துண்டு குடுத்தேன்டா. கெஞ்சினாரு."

கார் வீடு வந்து சேரும்வரை அவன் வாய் ஓயவில்லை. பின்சீட்டில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கோ வாயே திறக்கவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் சொல்லலாம், அதற்கடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி வீடே வந்துவிட்டது. கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் அத்தை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் மாமாவின் காலிக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, நானே அவரைக் கொல்லப் பார்த்துட்டேனே" என்றாள்.

அதற்கு மேல் மருமகளால் முடியவில்லை. பாட்டிலைக் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தாள். கரைத்தது, கூட்டியது, படிக்காமல் விட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வாசலில் நின்று கணவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அத்தை ஓங்கி ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அப்போ என்னால இல்லையா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. என்னாலதான்."

"அந்தச் சீஸுனால இல்லையே?"

"இல்ல அத்தை."

அத்தை நீளமாக மூச்சு விட்டாள். அவள் முகம் தெளிவதைப் பார்த்தபடியே மருமகள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"எழுந்திரும்மா. பசியில உயிர் போகுது" என்றாள் அத்தை. "உன் கையால ஏதாவது குடு."