இரண்டாவது ஏணி

சுட்ட கிளிஞ்சலின் மேல் தண்ணீர் விழுந்ததும் மிடாப் பானை குமுறிக் கொதித்தது. வேம்புலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூங்கில் கழியால் துழாவினாள். பக்கத்தில் அவள் புருஷன் தங்கவேல் புது ஏணிக்குப் படி கட்டிக்கொண்டிருந்தான்.

ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று அந்தச் சித்திரையில் ஜனங்கள் ரயில் ரயிலாக ஆவடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை பேசினார்கள். குடிவரும் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். போன வருஷம்வரை களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவளை இப்போது ஆள்விட்டுத் தேடினார்கள். வேம்புலி அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டாது என்று பெயர்.

"ஒரே நாள்ல ரெண்டு ஊட்ட ஒத்துக்கினியே, நீ ஒருத்திதானே கீறே?" என்றான் தங்கவேல்.

"நாம பட்டாபிராம் போவோம். சேக்காட்டு ஊட்ட உன் தம்பியும் நாகவல்லியும் பாத்துக்கட்டும்."

"நீ இல்லாமயா?"

அவள் துழாவுவதை நிறுத்தினாள். இதுவரை அவள் கைபடாமல் ஒரு பானை கலந்ததில்லை. ஒரு வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்ந்தால் போதும், பெயர் போய்விடும். ஆனால் போன வாரம் ஆளில்லை என்று மூன்று வீட்டைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்த மூன்றும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தன.

"நான் இல்லாம ஒரு ஊடு நல்லா வந்துச்சுன்னா, நாலு ஏணிகூட கட்டலாம்யா. வரலைன்னா, பழைய ஒண்ணோடயே இருந்துக்குவோம்."

பட்டாபிராம் வீட்டில் அவள் கை சுவரில் இருந்தது. மனசு சேக்காட்டில் இருந்தது. சுண்ணாம்பு ஒட்டக் கஞ்சி ஊற்றினார்களா? நீலம் கூடிப்போயிருக்குமோ? சாமான் வைக்கும் உக்கிராண அறை மூலையை விட்டிருப்பார்களோ? இரண்டு தடவை பூசுகிற மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள்.

"ஒக்காரு. நீ போய் நின்னா, அது உன் வேலை ஆயிடும்" என்றான் தங்கவேல்.

வெயில் சாயும்போது வேலை முடிந்தது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ரயில் பாதையோரமாகவே சேக்காட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வெள்ளையடித்த மணவாளன் வீட்டெதிரே புளியமரத்தடியில் தங்கவேலின் தம்பி கன்னியப்பனும் அவன் மனைவி நாகவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மத்தியானமே முடிஞ்சிபோச்சு, அண்ணி!" என்று கன்னியப்பன் எழுந்தான். "ரெண்டு பூச்சு. மூலை முடுக்கு எல்லாம்."

வேம்புலி தெருப்பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கையில் புதிதாக ஒரு பொட்டு வெள்ளையில்லை. உள்சுவரையும் பார்த்துவிட வேண்டும். வாசற்படியில் கால் வைத்தாள்.

"அங்கியே நில்லு, வேம்புலி." மணவாளன் மனைவி அன்னம்மாள் வாசலுக்கு வந்தாள். "இப்பதான் ஐயர் வந்து தீர்த்தம் தெளிச்சிட்டுப் போனாரு. காலைல குடிவராங்க."

வேம்புலி காலை எடுத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தபா, உக்கிராண ரூமு மூலைய பாத்துட்டு வந்துடறேம்மா. என் ஆளுங்க செஞ்ச வேல."

"அதான் நான் பாத்துட்டேனே. பாலாட்டம் இருக்கு. நீ வந்து செஞ்சேன்னுதான் நெனச்சேன். எங்க அண்ணன் ஊடு மூணு இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடியும்மா!" அவள் யோசிக்கவே இல்லை. "மூணும் முடியும்!"

நாகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னியப்பன் ஏணியைத் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். வேம்புலிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் பார்க்காமல் போக மனசு வரவில்லை. சந்துப் பக்கம் போய் ஜன்னலடியில் நுனிக்காலில் எம்பினாள். விட்டத்துக்குக் கீழே ஒரு முழச் சுவர் தெரிந்தது. திட்டில்லை, கோடில்லை, அத்தனை வெள்ளை. அதற்குள் யாரோ உள்ளேயிருந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

அவள் வாசல்பக்கம் திரும்பி வந்தபோது, அன்னம்மாள் சாணித் தண்ணீரை அவள் கால்பட்ட படியில் ஊற்றி, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.