சொந்த ஊர்க் காலியிடம்

கலந்தாய்வு அரங்கின் சுவரில் புரொஜெக்டர் காட்டிய பட்டியலில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பதினேழாவது வரியில் இருந்தது. பச்சை என்றால் டாக்டர் இடம் காலி. யாராவது எடுத்துக்கொண்டால் சிவப்பாகிவிடும். டாக்டர் படிப்பை முடித்த எல்லோரும் இரண்டு வருஷம் கிராமத்தில் வேலை பார்த்தே ஆகவேண்டும். நகரத்தை ஒட்டிய ஊர்கள் முதல் அரைமணி நேரத்திலேயே சிவந்துவிட்டன. எங்கள் ஊரை யாரும் சீந்தவில்லை.

"நம்ம ஊரு இன்னும் பச்சையா இருக்கு பாத்தியா? உனக்குன்னே குந்தியிருக்கு," என்றாள் அம்மா.

அந்த நிலையத்தில் அம்மா ஆயா. இருபத்திரண்டு வருஷமாக. பிரசவ அறையைக் கழுவுவாள், ரத்தத் துணியை அலசுவாள், வாளியில் சேர்ந்த கழிவைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் புதைப்பாள். பள்ளி விட்டதும் நான் கட்டுப்போடும் அறையின் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு டாக்டர் அவளை "இந்தாம்மா" என்பார். அடுத்து வந்தவருக்கு அதுவும் இல்லை, விரலைச் சொடுக்குவார். யார் கடந்து போனாலும் அம்மா எழுந்து நிற்பாள். ஒருமுறை வாய் நிறையச் சோற்றோடு எழுந்துவிட்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்பி நின்றாள். டாக்டராக வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. யாரும் என்னை எழுந்து நிற்கவைக்க முடியாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

கல்லூரியில், "அம்மா ஆஸ்பத்திரியில வேலை பாக்குறாங்க" என்று சொன்னேன். நர்ஸ் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷமும் நான் அதைத் திருத்தவில்லை.

"சிஸ்டர் நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆயா, இனிமே உன்னப் பாத்தா நாங்கதான் எந்திரிச்சு நிக்கணும் போல'ன்னு ஒரே கிண்டல். நான் விடுவேனா? 'நிக்கல்லாம் வேணாம் சிஸ்டர், வாளிய ஒரு கை புடிங்க போதும்'னேன்," என்றாள் அம்மா.

டாக்டருக்கான வீட்டை அவளே போன வாரம் கழுவிவிட்டிருந்தாள். குழாயில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருகிறதாம், சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறாளாம். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். அங்க உன்ன எப்படிக் கூப்பிடறது? மேடம்னா, பாப்பான்னா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே வரிசையாக நோயாளிகள், துடைப்பத்தோடு அம்மா உள்ளே வருகிறாள். ஆயா பொண்ணுதான் டாக்டர் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். என் எதிரில் அவள் எழுந்து நிற்பதைத்தான் தாங்க முடியாது என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மா என் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

"எந்த ஊரும்மா?" என்றார் கிளார்க்.

நான் கடைசி வரியில் இருந்த மலையூரைச் சொன்னேன்.

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்லா யோசிச்சீங்களா? அங்க பஸ்ஸே ஒரு வேளைதான்."

"யோசிச்சுட்டேன் சார்."

பக்கத்திலிருந்த அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார். "எல்லாரும் இங்க பாருங்க. மூணு வருஷமா ஒரு டாக்டரும் எட்டிப் பாக்காத ஊரு. இந்தப் பொண்ணு வாய்விட்டுக் கேட்டு வாங்குது. இதுக்குப் பேருதான் சேவை!"

அரங்கமே கைதட்டியது. தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். நிமிர்ந்தபோது அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் பதினேழாவது வரியில் இருந்தது. அது பச்சையாகவே இருந்தது.

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? சம்பளம், மேற்படிப்புக்கான கூடுதல் மதிப்பெண், குடும்பத்துக்குப் பக்கம், சேவை மனப்பான்மை. நான்கு கட்டங்கள். நான்காவதில் டிக் அடித்தேன். பேனா தயங்கவே இல்லை.

வெளியே வந்ததும் அம்மாவின் போன் அடித்தது. சிஸ்டர்தான்.

"இல்ல சிஸ்டர், கிடைக்கல. இவளுக்கு முன்னாடியே யாரோ நம்ம ஊர எடுத்துட்டாங்க. ஆமா, புள்ள ஒரே அழுகை. யாருன்னு தெரியல, வந்தா தெரியப் போவுது."

யாரும் வரப்போவதில்லை. அடுத்த மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும்போது சிஸ்டருக்கும் ஊருக்கும் எல்லாம் விளங்கிவிடும். அன்றைக்கு அங்கே வாளியோடு நிற்கப்போவது அம்மா.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நானும் நடந்தேன்.

"நல்லதுதான் பாப்பா," என்றாள் பிறகு, சாலையைப் பார்த்தபடி. "நீ பாக்கறப்ப அந்த வாளியத் தூக்க எனக்கே ஒரு மாதிரியாதான் இருந்திருக்கும்."

அந்த வாளியை அவள் என்றைக்கும் வெட்கப்பட்டுத் தூக்கியதில்லை. அது எனக்குத் தெரியும்.

"அதுக்காகத்தாம்மா வேற ஊரு கேட்டேன்," என்றேன்.