இருபது மூட்டைப் பேச்சு

இருசப்பன் ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினான். ஏழு காய்கள் இருந்தன, அதில் ஐந்து பருப்பு வைக்காத பொக்கு. ஆவணிக்குப் பிறகு அடி அண்ணாமலையில் மழையே இல்லை.

"வெலை பேசினப்போ என்னா சொன்னீங்க? வெளையறத தர்றேன்னா, இருபது மூட்டை தர்றேன்னா?" என்று கேட்டாள் மனைவி சரசு.

"இருபது மூட்டைன்னுதான்."

ஆடியில் விதைக்கும்போதே மண்டிக்காரர் ராஜமாணிக்கத்திடம், கார்த்திகையில் இருபது மூட்டை நிலக்கடலை தருவதாக அன்றே விலை பேசி முடித்திருந்தான். அறுவடையில் விலை விழுந்துவிடும் என்பதே அப்போது அவன் பயம். விலை ஏறும், கையில் கடலை இருக்காது என்று நினைக்கவே இல்லை. இப்போது ஆறு மூட்டை தேறினால் அதிகம். மீதியை இரண்டு பங்கு விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

"உழவு மாட்டத்தான் விக்கணும்" என்றாள் சரசு.

விளைந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சலாம் என்று, பொக்குக் காய்களை மடியில் கட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தான். அவனைக் கண்டதும் ராஜமாணிக்கம் மண்டி வாசலுக்கே ஓடிவந்தார்.

"வா இருசப்பா! உங்க எல்லாரையும் நம்பி நான் எண்ணெய் மில்லுக்கு வாக்கு குடுத்துட்டேன். அஞ்சு பேரு கைய விரிச்சிட்டாங்க. உன் மூட்டை வந்துடும் இல்ல?"

இருசப்பன் காய்களை அவர் உள்ளங்கையில் வைத்தான். ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். எதிலும் பருப்பில்லை.

"உழவு மாடு ரெண்டும் உங்கிட்டதான இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.